மச்சானுக்கு இடுப்பு வலி

"இனிமே ரெக்கார்டுப் பெட்டியை நான் தூக்க மாட்டேன் மாமா. இடுப்பு ஒடியுது."

மச்சான் சொன்னதோடு நிற்கவில்லை. பெட்டிகளை வீட்டிலேயே விட்டுவிட்டு, புது டிஜிட்டல் மெஷினை மட்டும் வேனில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்து நின்றான்.

டி.ஜே.வுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டியின் தம்பியாச்சே என்று எத்தனை நாள்தான் பொறுப்பது?

"எருமை மாதிரி இருக்கே, உனக்கு இடுப்பு வலியா? பெட்டி தூக்குறதைத் தவிர உனக்கு வேற என்னடா வேலை?"

"பட்டனைத் தட்டினா பாட்டு வரப்போகுது. இதுக்குப் போய்..."

"பட்டனைத் தட்டுறவனெல்லாம் டி.ஜே. இல்லடா! ஒரு காதுல ஹெட்போன், இன்னொரு காது ஹாலுக்கு. ஓடுற பாட்டோட தாள அடியும் அடுத்த பாட்டோட அடியும் ஒண்ணாச் சேரணும். அதுதான் தொழில்!"

சொல்லிவிட்டாரே தவிர, விஷயம் அவருக்குத்தான் தெரியும். அந்த ரெண்டு காதில் இடது காது கொஞ்ச நாளாகவே அவுட். பெண்டாட்டிக்குக் கூடத் தெரியாது. தெரிந்தால் அன்றோடு தொழிலுக்கு முழுக்குப் போடச் சொல்லிவிடுவாள்.

இங்கே நடந்த போன கல்யாணத்தில் ரெண்டு பாட்டும் ஒன்றோடொன்று முட்டி, ஆடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. "ஊசி தேஞ்சுபோச்சு" என்று ரெக்கார்டு பிளேயர் ஊசி மேல் பழியைப் போட்டுத் தப்பித்தார். இந்த மெஷினில் ஊசியும் கிடையாது. இன்றைக்கு எதன் மேல் போடுவது?

மண்டப மேனேஜர் வந்தார்.

"சார், கம்பெனி ஆண்டு விழா. பெரிய மனுஷங்க வர்றாங்க. போன தடவை மாதிரி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றார். ஹெட்போனை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

மச்சான் ஒயர்களைச் சொருகி, மெஷினின் திரையை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தான்.

"மேல ஓடுற கோடு இப்போ கேக்குற பாட்டு. கீழ அடுத்தது. மேடு மேடா வருதில்ல, அதுதான் அடி. மேட்டுக்கு நேரா மேடு வந்தா சரி."

"எல்லாம் எனக்குத் தெரியும். நகரு!"

முதல் பாட்டு முடியப்போனது. பழக்க தோஷத்தில் ஹெட்போனை இடது காதில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. போச்சுடா, மானம் போச்சு!

வேறு வழியில்லாமல் திரையைப் பார்த்தார். மேடுகள் கொஞ்சம் விலகியிருந்தன. மெஷின் மேல் இருந்த சக்கரத்தை விரலால் லேசாகத் தள்ளினார். மேட்டுக்கு நேராக மேடு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பாட்டைத் திறந்துவிட்டார்.

கூட்டம் நிற்கவில்லை. விசில்தான் பறந்தது.

சாயங்காலம் மேனேஜரே தேடி வந்து கையைக் குலுக்கினார். "பின்னிட்டீங்க சார்! அடுத்த விழாவுக்கும் நீங்கதான்."

போன உயிர் திரும்பி வந்த மாதிரி அவர் வெளியே போனால், மச்சான் ஆளுயர ஸ்பீக்கரை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"டேய் திருட்டுப் பயலே! இடுப்பு ஒடியுதுன்னியேடா?"

மச்சான் ஸ்பீக்கரை இறக்கி வைத்தான். அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு சுற்றிக்கொண்டு அவருடைய வலது காதுப் பக்கமாக வந்தான்.

"தேஞ்சுபோச்சுன்னீங்களே ஒரு ஊசி, அதை அன்னிக்குக் காலையிலதான் மாமா நான் புதுசா மாட்டினேன்" என்றான் மெதுவாக. "அக்காகிட்ட மூச்சு விடல."