பேசாத சைக்கிள்

மலைப் பாதையில் செங்குத்தான இறக்கம் வந்தாலே, ரெஜினாவின் சைக்கிள் "உங்கள் வயதுக்கு இது ஆபத்து" என்று சொல்லி, தானே பிரேக் போட்டு நின்றுவிடும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வேறு சைக்கிள் விற்கமாட்டார்கள். ஞாயிறுதோறும் அவள் அதை உருட்டிக்கொண்டே இறங்குவாள். சைக்கிள் கிளப் நண்பர்கள் கீழே காத்திருப்பார்கள்.

இந்த ஞாயிறு அவர்கள் ஆளுக்கொரு பழைய பாகம் போட்டு, வாய் பேசாத சைக்கிள் ஒன்றைக் கோத்துக் கொண்டுவந்தார்கள்.

"பயமா இருந்தா வேணாம்க்கா" என்றான் அன்வர்.

"பயமாத்தான் இருக்கு" என்றபடி ஏறி உட்கார்ந்தாள்.

கல்லும் வேரும் தூக்கிப்போட்டன. ஒரு வளைவில் விழுந்தாள். எழுந்து மறுபடி ஏறினாள். கீழே வந்து சேர்ந்தபோது முழங்காலில் ரத்தம். பின்னாலேயே வந்த அன்வர் பதறினான்.

"ரொம்ப வலிக்குதாக்கா?"

"விரல்தான்டா வலிக்குது" என்று சிரித்தாள் ரெஜினா. "வழி முழுக்க நானே பிரேக் பிடிச்சேன்!"