கெட்டுப்போன ஒயின்

வாயில் ஊற்றியதை அப்படியே வாளியில் துப்பினார் ஒயின் பரிசோதகர். ஒயினைத் தயாரித்தவள் அதற்குக் கலங்கவில்லை. எவ்வளவு உசத்தியான சரக்கானாலும் அந்தத் தொழிலில் துப்பத்தான் செய்வார்கள். ஆனால் துப்பிய கையோடு கைக்குட்டையை எடுத்து நாக்கைத் துடைத்தாரே, அதைப் பார்த்துத்தான் அவள் பயந்தாள்.

“கலர் பிரமாதம்மா,” என்றார் அவர், கோப்பையை வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்தபடி. “ஓரத்துல செங்கல் நிறம் வந்திருக்கு. பத்து வருஷம் பாட்டில்ல ஒழுங்கா கிடந்த பிரான்ஸ் நாட்டு போர்தோ பாணி ஒயின் இப்படித்தான் இருக்கும். ஆனா மூக்குகிட்ட கொண்டுபோனா ஈர அட்டைப்பெட்டி. எலி செத்த ஸ்டோர் ரூம்.”

“நேத்து ருசி பார்த்தேன் சார். நல்லா இருந்துச்சு.”

“அவ பண்ணதாச்சே சார், அவளுக்கு நல்லாத்தான் இருக்கும்,” என்றார் பக்கத்தில் நின்ற அவள் அண்ணன். வீட்டில் தான் குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர். இன்று காலையிலிருந்து வெள்ளைத் துணியும் கையுமாக நின்று, தங்கைக்காகக் கோப்பைகளைப் பளபளவென்று துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தார். பாசம் அப்படிப் பொங்கியது.

பேச்சு இதுதான். பரிசோதகர் தலையசைத்தால் அவர் வேலை பார்க்கும் ஹோட்டல் மொத்தச் சரக்கையும் எடுத்துக்கொள்ளும். அப்பா இருவருக்கும் விட்டுப்போன திராட்சைத் தோட்டம் பிழைக்கும். உதட்டைப் பிதுக்கினால், கொடிகளைப் பிடுங்கிவிட்டு மனை போட அவள் சம்மதிக்க வேண்டும். மனை புரோக்கரை அண்ணன் இப்போதே வாசலில் உட்கார வைத்திருந்தார்.

“வேற பாட்டில் திறக்கிறேன் சார். ஒண்ணு ரெண்டு கார்க்ல பூஞ்சை பிடிக்கிறது உண்டு.”

திறந்தாள். வேறு கோப்பை, அதே நாற்றம். மூன்றாவது பாட்டிலையும் திறந்தாள். இந்த முறை அவர் வாயிலேயே வைக்கவில்லை. முகர்ந்தவுடன் கோப்பையைத் தள்ளிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“ஒரு பாட்டில்னா கார்க்கைக் குறை சொல்லலாம். மூணும் இப்படின்னா பீப்பாயிலேயே கெட்டிருக்கு. இதைக் கொண்டுபோய் வெச்சா என் வேலை போயிடும்மா.”

அவளும் அந்தக் கோப்பையில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. பத்து வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததைத் தானே துப்ப வேண்டி வந்த அசிங்கத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

“நீ கெடுத்துட்டேம்மா,” என்று தோளில் தட்டினார் அண்ணன். “அப்பா கைப்பக்குவம் எல்லாருக்கும் வந்துடுமா? சரி விடு, அழாதே. நான் புரோக்கரை உள்ள கூப்பிடுறேன்.”

அந்தக் குரலின் இனிப்பு ஒயினைவிட மோசமாகக் குமட்டியது.

பரிசோதகர் பையை மூடினார். வாயைக் கழுவினால் போதும் என்றிருந்தது அவளுக்கு. வரிசையில் மிச்சமிருந்த கோப்பை ஒன்றில் ஜக்கிலிருந்து தண்ணீரை ஊற்றி ஒரு மடக்கு குடித்தவள், அதையும் துப்பினாள்.

பிறகு ஜக்கையே தூக்கி அண்ணாந்து குடித்தாள். இரண்டு மடக்கு, நிதானமாக. அதில் ஒரு நாற்றமும் இல்லை.

வாசல்வரை போய்விட்ட அண்ணனை வழிமறித்து, அந்தக் கோப்பையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“தண்ணியையும் நான்தான் கெடுத்தேனா அண்ணா?”