தகரம் வருது

செவலை ஒரு பந்தயக் கார். மண் தடத்தில் ஓடும் அந்த இனத்துக்குத் தானாகக் கிளம்பத் தெரியாது. பின்னாலிருந்து ஒரு லாரி முட்டித் தள்ளினால்தான் எஞ்சினுக்கு உயிர் வரும்.

போன பந்தயத்தில் உருண்டு விழுந்த நெளிசலோடு அது மறுபடியும் வந்து நிற்பதைப் பார்த்து லாரி உறுமியது. "அன்னைக்கு உன்னை அள்ளிக்கிட்டு வந்தவன் நான். நான் தள்ளலேன்னா நீ வெறும் தகரம். பேசாம ஷெட்டுல கிட!"

செவலைக்குச் சுருக்கென்றது. "உருண்டது நான்தானே அண்ணே, உங்களுக்கு எங்கே வலிக்குது? தள்ளுங்க."

லாரி முனகிக்கொண்டே தள்ளியது. செவலை சீறிக்கொண்டு பறந்தது.

லாரி ஆடி அசைந்து தடத்தைவிட்டு இறங்குவதற்குள், செவலை ஒரு சுற்றை முடித்துவிட்டு அதன் முதுகுக்குப் பின்னாலேயே வந்துவிட்டது.

"ஓரமா போங்க அண்ணே, தகரம் வருது!"