சரிவில் நின்ற பிக்கப்

ஞானதுரையின் பழைய பிக்கப்புக்கு இன்ஜினையும் முன் அச்சையும் புதிதாக மாற்றினார்கள். பட்டறையிலிருந்து வந்த அன்றும் அவர் வழக்கம்போல வண்டியை மேட்டில், சரிவைப் பார்க்க நிறுத்தி, முன்சக்கரத்துக்கு எப்போதும் வைக்கும் கருங்கல்லை முட்டுக் கொடுத்தார்.

"உருட்டிவிட்டுக் கிளப்ப நான் என்ன அந்தக் கிழட்டு இன்ஜினா? சாவியைத் தொட்டாலே கிளம்புவேன்," என்று இன்ஜின் முறைத்தது.

"என்னைத் தாங்க ஒரு கல் வேறு," என்றது முன் அச்சு.

"எனக்கு மட்டும் ஆசையா? விட்டால் படுத்துத் தூங்குவேன்," என்றது கல்.

நான்காம் நாள் வண்டி நிறையத் தக்காளி. ஞானதுரை சாவியைத் திருகினார். பேட்டரி மட்டும் பழையது. 'டிக்' என்று சொல்லிவிட்டு அடங்கிப்போனது. அவர் அலட்டிக்கொள்ளாமல் கல்லை எடுத்து வண்டிக்குள் போட்டுவிட்டு, பிரேக்கை விட்டார். வண்டி சரிவில் உருண்டது. கியர் விழுந்ததும் இன்ஜின் உறுமிக் கிளம்பியது.

சந்தை வந்தது. எங்கு பார்த்தாலும் சமதரை. வாசலோரம் மட்டும் ஒரு சின்ன மேடு.

"கொஞ்சம் அந்த மேட்டுப் பக்கம் திரும்பேன்," என்று இன்ஜின் மெல்லக் கேட்டது. "கல் அண்ணன் கூடத்தானே வருகிறார்?"

"அப்போதே திரும்பிவிட்டேன்," என்றது முன் அச்சு.