தானாய் முளைத்தது

“பூ எப்படி இருக்கும் அண்ணி? வால் மாதிரி நீளமாவா, உருண்டையாவா?”

“உருண்டை. மஞ்சளா, குட்டிக் குட்டிப் பந்து. காத்தடிச்சா பின்பக்கம் பூரா கொட்டும். பெருக்கி மாளாது.”

“நல்லாப் பார்த்தீங்களா?”

“பெருக்குறவ நான். நான் பார்க்காம உங்க அண்ணனா பார்ப்பார்?”

நாத்தனார் சிரிக்கவில்லை.

மரம் புழக்கடைச் சுவரை ஒட்டி நின்றது. ஆஸ்பத்திரி லாண்டரியில் விடிய விடிய விரிப்புகளை மடித்துவிட்டு வந்த அண்ணி, இன்னும் உட்காரக்கூட இல்லை. கால் இரண்டும் யாரிடமோ இரவல் வாங்கியவை போல இருந்தன.

இன்று உட்கார முடியாது. வீடு நிற்குமா, இடிபடுமா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

தெரு முழுக்க ஒரே பேச்சு. சீமைக் கருவேலம் மண்டிய இடங்களை எந்திரம் வைத்து வழிக்கப் போகிறார்களாம், ஊடே இருக்கும் வீடுகளும் அதோடு போகுமாம். நாட்டு மரம் நிற்கும் இடத்தில் மட்டும் கை வைக்க மாட்டார்களாம். யார் சொன்னது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. நம்புவதற்கு வேறொன்றும் மிச்சமில்லாதபோது கேட்டு என்ன ஆகப்போகிறது?

அதனால்தான், மரம் பார்க்க வந்த குழுவில், செடி கொடி பற்றிப் படித்த சொந்த நாத்தனாரே இருப்பதைக் கண்டதும் அவளுக்குப் பாதி உயிர் திரும்பியது.

“முள்ளைப் பாருடி, செடிக்காரி.” கிளையை வளைத்துப் பிடித்தாள். “ஜோடி ஜோடியா, வெள்ளையா, ஊசி கணக்கா.”

காயையும் பறித்துக் கொடுத்தாள். விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்தது போலிருந்தது.

நாத்தனார் எல்லாவற்றையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் சுண்டிக்கொண்டே போனது. வெயில்தான், பாவம், என்று நினைத்துக்கொண்டாள் அண்ணி.

“சீமை இல்ல. அசல் கருவேலம்.”

“அப்படிப் போடு! வெட்டு வெட்டுன்னு பக்கத்து வீட்டுக்காரி என் உயிரை வாங்கினாளே.”

“இதை யாரு வச்சது?”

“யாரு வைப்பா? நாங்க கடைக்கால் தோண்டும்போதே இடுப்பளவு நின்னுச்சு. தானா முளைச்சது. உங்க அண்ணன் இதுக்கு ஒரு குடம் தண்ணி ஊத்தியிருப்பாரா?”

பெருமையாகவே சொன்னாள்.

நாத்தனார் சுவருக்கு அப்பால் பார்த்தாள். தெருக்கோடி வீட்டுக்குப் பின்னால் ஒரு கருவேலம். மெக்கானிக் கடைக்குப் பின்னால் ஒன்று. பிறகு இது. பிறகு, தள்ளி இன்னொன்று. யாரோ ஒரே இழுப்பில் இழுத்த கோடு போல அவை லேசாக வளைந்து போயின. வீடு அந்த வளைவுக்கு உள்ளே இருந்தது.

“அண்ணி, இந்தக் காய் தண்ணில மிதக்கும். வெள்ளம் எங்க கொண்டுபோய் ஒதுக்குதோ அங்கதான் முளைக்கும்.” அவள் குரல் தாழ்ந்தது. “நாங்க மரத்தைக் காப்பாத்த வரல. முன்னாடி ஏரி எதுவரைக்கும் இருந்துச்சுன்னு பார்க்க வந்திருக்கோம். தானா முளைச்ச கருவேலம் நிக்கிற இடம்தான் கரை. கரைக்கு உள்ள இருக்கிற வீடெல்லாம்...”



அண்ணி கிளையை விட்டாள். அது நிமிர்ந்த வேகத்தில் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. அவளுக்கு உறைக்கவில்லை.

கெஞ்சிப் பயனில்லை. இவளை அவளுக்குத் தெரியும். கல்யாணப் பேச்சு தொடங்கிய அன்றே, “அண்ணனுக்கு வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு” என்று இரண்டு வீட்டார் முன்னாலும் போட்டு உடைத்த பெண். உதட்டளவில்கூட ஒரு பொய் வராது. அதற்காகவே அவளைப் பிடித்தும் போயிருந்தது.

அண்ணி சுவரோடு சரிந்து, கடைசியில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் கேட் கிறீச்சிட்டது. குழுவின் பெரிய அதிகாரி செருமுவது கேட்டது.

நாத்தனாரும் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், ரத்தம் கசிந்த கையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“சார் வர்றார். இதை யாரு வச்சதுன்னு வீட்டுக்காரங்களைத்தான் கேட்பார். இந்த ஒண்ணு கணக்குல இல்லேன்னா, கோடு வீட்டுக்கு முன்னாடியே திரும்பிடும், வீடு கரைக்கு வெளிய தப்பிச்சிடும்.”

பக்கத்து வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“நிழலுக்காக நான்தான் நட்டேன்னு சொல்லுங்க அண்ணி.”