மார்த்தாள் வீட்டு அடுப்பு

"ஏத்தா, உன் கால்ல வேணாலும் விழுறேன். இன்னைக்கு ஒருநாள் மட்டும் கேள்வி எதுவும் கேட்டுறாத!"

மாசிலாமணி கெஞ்சியதைப் பார்த்து ஜெயமேரிக்குச் சிரிப்பு வந்தது. திண்டுக்கல்லில் சொந்தமாகப் பூட்டுப் பட்டறை வைத்திருப்பவர் அவள் அப்பா. மகள் வாயைப் பூட்டத்தான் அவரிடம் பூட்டு இல்லை.

"நான் என்னப்பா தப்பாக் கேக்குறேன்? தினம் வெடிஞ்சதும் வேதத்துல ஒரு அதிகாரம் வாசிக்கிறேன். மனசுல பட்டதக் கேக்குறேன்."

"நோவா பேழையில அம்புட்டு மிருகத்துக்கும் சாணி அள்ளுனது யாருன்னு போதகர்கிட்டயே கேட்டவதான நீ?"

"அள்ளாம இருந்திருக்க முடியுமா? ஊதாரிப் பய வீடு திரும்புனதும் அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கிட்டாரே, அவனப் பெத்தவ அப்ப எங்க இருந்தா? அதையுந்தான் கேட்டேன்."

இப்படிக் கேட்கக் கேட்கத்தான் வேதத்தில் வருகிறவர்கள் பக்கத்துத் தெரு மனிதர்கள்போல அவளுக்கு நெருக்கமானார்கள். போதகர் நல்லவர், சிரித்துவிட்டுப் போனார். ஆனால் 1959-ஆம் வருஷத்து அறுப்புப் பண்டிகைக்கு மறுநாள் பெண் பார்க்க வந்த பழனிக்காரர்கள் சிரிக்கவில்லை.

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை வேதம் வாசிக்கச் சொல்வது வழக்கம். அன்று அவர்கள் வாசிக்கச் சொன்னது, மார்த்தாள் வீட்டுக்கு இயேசு வந்த பகுதி. மார்த்தாள் அடுப்படியில் தனியாக அல்லாடுகிறாள். அவள் சகோதரி மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து போதனை கேட்கிறாள். மரியாள் செய்ததுதான் நல்லது என்று இயேசு சொல்லிவிடுகிறார். ஜெயமேரி வாசித்தோமா எழுந்தோமா என்று இல்லாமல், "மார்த்தாளும் வந்து உக்காந்துட்டா அன்னைக்குச் சோறாக்குறது யாரு?" என்று கேட்டுவைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். சம்பந்தமும் அதோடு போயிற்று.

இன்று வருகிறவர்கள் வத்தலக்குண்டுக்காரர்கள். பையன் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. இதுவும் தட்டிப்போனால் அப்பா தாங்கமாட்டார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

"சரிப்பா. வாசிச்சு முடிச்சதும் வாயத் தெறக்கல. போதுமா?"

பத்து மணி பஸ்ஸில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வேதமாணிக்கம் ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினார்.

"உள்ள வெங்காயம் தீயுதும்மா. அடுப்பத் தணிங்க!"

ஜெயமேரியின் அம்மா அலறியடித்துக்கொண்டு ஓடினாள். தீயத்தான் செய்திருந்தது.

உப்புமா வந்தது. ஒரு வாய் போட்டுவிட்டு, "ரவைய இன்னும் செத்த நேரம் வறுத்திருக்கலாம்" என்றார் வேதமாணிக்கம்.

மாசிலாமணி மகள் இருந்த உள்ளறையைத் திரும்பிப் பார்த்தார். இந்த நாக்குக்கு வடித்துக்கொட்டியே மகள் ஓய்ந்துவிடுவாளே! மாப்பிள்ளை லட்சணமாகத்தான் இருந்தான். விரலில் மட்டும் துணி சுற்றியிருந்தது.

"விரல்ல என்ன தம்பி?"

"சுட்டுக்கிச்சு மாமா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பேனா பிடிக்கிற விரல் எப்படிச் சுடும் என்று மாசிலாமணிக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ஜெயமேரி வந்து உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து அதிகம் பேசாத மாப்பிள்ளையின் அம்மா, அவளை ஆசையாகப் பார்த்தார்.

"ஒரு அதிகாரம் வாசி தாயி. லூக்கா பத்து."

மாசிலாமணிக்குப் பகீரென்றது. வேதத்தில் எத்தனையோ அதிகாரம் இருக்க, அதே மார்த்தாளா!

ஜெயமேரி கணீரென்று வாசித்தாள். முடித்ததும் கேள்வி தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அப்பாவைப் பார்த்தாள். அதை அப்படியே விழுங்கினாள்.

"வாசிச்சதுல எதுவும் கேக்கணும்னு தோணுதா தாயி?"

"இல்ல அத்தை."

"ஒண்ணுமே தோணலையா?"

"இல்ல."

அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. கணவரிடம் திரும்பி, "நாம தேடி வந்த பொண்ணு இது இல்ல போலருக்குங்க. கெளம்புவமா?" என்றார்.

வேதமாணிக்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். மாப்பிள்ளையும் எழுந்தான். அவன் முகமும் தொங்கிப்போயிருந்தது. ஜெயமேரிக்கு ஆத்திரமாக வந்தது. கேட்டாலும் போகிறார்கள், கேட்காவிட்டாலும் போகிறார்கள். பிறகு எதற்கு இந்தப் பொய்?

"தோணுது அத்தை! மார்த்தாளும் வந்து உக்காந்துட்டா அன்னைக்குச் சோறாக்குறது யாரு? போன வருசமும் இதத்தான் கேட்டேன். இன்னும் யாரும் பதில் சொல்லல."

மாசிலாமணி கண்களை இறுக மூடிக்கொண்டார்.

வேதமாணிக்கம் திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பழனிக்காரம்மா எங்களுக்குச் சொந்தம். நீ கேட்டத ஒரு குத்தமா எங்க வீட்டுல வந்து சொல்லிட்டுப் போச்சு. அன்னைக்கு வேதத்த எடுத்துக்கிட்டு உக்காந்தவதான் தாயி இந்த உன் அத்தை. காலையில அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப் பாக்குறதில்ல. ஒரு வருசமா எங்க வீட்டுல காலைச் சமையல் நாந்தான்" என்றவர், மகனின் துணி சுற்றிய விரலைக் காட்டிச் சொன்னார்:

"நீயும் வந்து அவ பக்கத்துல உக்காந்து வாசி. இவனுக்கு இப்பத்தான் ரசம் தாளிக்கப் பழக்கிக்கிட்டிருக்கேன்!"