பதினோராவது அடுக்கு

சொட்டு விழவில்லை.

அவள் கண்ணாடிக் குழாயின் நுனியைப் பார்த்தாள். காய்ந்தே இருந்தது. கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பால் பொங்குமா என்று அடுப்படியில் நிற்பவள்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

எஃகு உருளைக்குள் விரல் நீளத்தில் ஒரு களிமண் துண்டு. மேலிருந்து தண்ணீர் அழுத்துகிறது. களிமண் வழிவிட வேண்டும்.

புதன்கிழமையிலிருந்து விடவில்லை.

கடலோர ஊர் ஒன்றில் துளைபோட்டு எடுத்த மண் அது. மணலும் களிமண்ணுமாக அடுக்கடுக்காக வந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம் மண்ணிடம் செல்லாது. ஓர் அடுக்கு தண்ணீரைக் கண்டதும் கதவைத் திறக்கும். அடுத்தது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மற்ற அடுக்குகள் தண்ணீர் விடும் வேகத்துக்கு ஆளுக்கொரு எண்ணைக் கொடுத்துவிட்டன. பதினோராவதுதான் வீம்பு பிடித்தது.

சைபர் என்று எழுதி முடித்துவிடச் சொன்னார் பேராசிரியர்.

அவளால் முடியவில்லை. மேலிருந்து கீழே இறங்கும் தண்ணீருக்குச் சராசரி போடும்போது இருப்பதிலேயே இறுகிய அடுக்கு வைத்ததுதான் சட்டம். அது சைபர் என்றால் மொத்தமும் சைபர். அந்த ஊரில் பெய்கிற மழை அடிமணலுக்கு ஒருநாளும் போய்ச் சேராது என்று அவளே சொன்னதாகிவிடும். மழைநீர்க் குளம் வெட்டும் திட்டத்தை அதோடு மூட்டை கட்டிவிடுவார்கள்.

மெதுவாக விடும். விடாமல் இருக்காது. அவள் அதை நம்பினாள்.

ஆய்வகத்துக்குத் திருமேனி வந்தான். அவள் கணவன், பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தான்.

"என்ன, ஒன் செல்லப்பிள்ளை வாயத் தொறந்துச்சா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். கண் கலங்கிவிட்டது. அவன் பார்த்துவிட்டான். முகம் கழுவிவர அவளை அனுப்பிவிட்டு, குழாய்க்குத் தான் காவல் இருந்தான்.

திரும்பி வந்தபோது நுனியில் ஒரு சொட்டு.

உருண்டையாக. பளபளவென்று.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள நினைத்தாள்.

அவனோ ஜன்னல் வழியே வேப்பமரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மரம் பார்க்கிற ஆளே இல்லை.

அவள் சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள்.

களிமண்ணுக்கு நல்ல தண்ணீர் ஆகாது. ஊதிப்போய் உள்ள வழியையும் அடைத்துக்கொள்ளும். அதனால் உருளையில் அவள் ஊற்றியிருந்தது உப்புக் கரைசல். இது அவனுக்குத் தெரியாது.

நாக்கில் உப்பே இல்லை.

கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போனது. பரீட்சையில் பக்கத்துப் பையனுக்கு விடை காட்டி மாட்டிக்கொண்டவனைப் போல அவன் நின்றான். காது மடல் சிவந்திருந்தது. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சிரிப்பை அடக்கினாள். அடக்கியதில் கண்ணீர் வந்தது.

அவன் மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது.

பஞ்சை எடுத்து நுனியைச் சுத்தமாகத் துடைத்தாள். குழாய் மறுபடியும் காய்ந்தது.

"திரு, வீட்டுக்குப் போயி பாயும் ரெண்டு தலகாணியும் எடுத்துட்டு வா."

அவன் இன்னும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டா?" என்றான்.

அப்போதுதான் திரும்பினான்.